‘சோட் தோ’ என்று சொன்ன வாய்

செல்விக்கு, லம்பா லைன் வீட்டிலிருந்து அப்பா எழுதுவது.

நீ கேம்பல் பே போய் இறங்கியதும் போன் செய்தாய். நாலு வார்த்தை பேசுவதற்குள் லைன் மூன்று முறை அறுந்தது. "அப்பா, கேக்குதா? கேக்குதா?" என்று நீ கத்தியது மட்டும்தான் முழுசாகக் காதில் விழுந்தது. நான் உன்னிடம் சொல்ல வேண்டிய விஷயத்தை அப்படித் துண்டு துண்டாகச் சொல்ல முடியாது பாப்பா. அதனால் எழுதுகிறேன். உன் சைட்டுக்கு அடுத்த கப்பலில் வரும் எலக்ட்ரீஷியனிடம் இதைக் கொடுத்துவிடப் போகிறேன். விஷயம் நம் சைட் சோம்ராவைப் பற்றியது. அவனைப் பற்றி என்றால் என்னைப் பற்றியும்தான். படித்து முடித்த பிறகு உன் அப்பனை நீ எந்த இடத்தில் வைப்பாய் என்று எனக்குத் தெரியவில்லை. நேற்று உன் அம்மாவிடம் சொன்னேன். அவள் அடுப்பை அணைத்துவிட்டு என் எதிரில் உட்கார்ந்து, "பதினாறு வருஷமா என் பக்கத்துலதான படுத்திருந்தீங்க" என்றாள். பிறகு எழுந்துபோனாள். சாப்பாடு போட்டாள், அவ்வளவுதான்.

முதலில் உன்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். இதுவரை நேரில் சொன்னதில்லை. உனக்கே தெரியும், எனக்குப் பாராட்ட வராது. நீ பத்தாவதில் நல்ல மார்க் வாங்கியபோதும் "சரி, கை கழுவிட்டு வா, சாப்பிடலாம்" என்றவன் நான். என் வாயில் ஒட்டிக்கொண்ட ஒரே சொல் ‘விடுப்பா’. சிமெண்ட் மூட்டை நனைந்தால் விடுப்பா, கப்பல் டிக்கெட் கிடைக்காவிட்டால் விடுப்பா, சாரத்தில் ஒரு கட்டு தளர்ந்திருந்தால் ஒண்ணும் ஆகாது, விடுப்பா. சின்ன வயதில் நீ என்னைப் போலவே இடுப்பில் கை வைத்துக்கொண்டு "விடுப்பா விடுப்பா" என்று நடித்துக் காட்டுவாய். வீட்டில் எல்லோரும் வயிறு வலிக்கச் சிரிப்போம். சிரித்ததில் நான்தான் முதல் ஆள்.

போன வருஷம் சென்னை வேலையை விட்டுவிட்டு நீ போர்ட் பிளேருக்குத் திரும்பி வந்தபோது என் முழங்கால் எனக்கு ஒத்துழைப்பதை நிறுத்தியிருந்தது. கையில் இருந்த மூன்று மாடிக் குவார்ட்டர்ஸ் வேலையை உன்னிடம் ஒப்படைத்தேன். வேலையை மட்டும்தான் ஒப்படைத்தேன், நாற்காலியை இல்லை. தினமும் காலையில் வந்து மணல் குவியலுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து உன்னைக் கண்கொத்திப் பாம்பாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்றாம் நாளே நீ அந்தக் கூட்டத்தைத் தொடங்கினாய். ஏழு மணிக்கு, மம்பட்டியைத் தொடுவதற்கு முன்னால், பத்து நிமிடம். எல்லோரும் வட்டமாக நிற்க வேண்டும். மேஸ்திரி, கம்பி கட்டுகிறவர், சித்தாள், தண்ணீர் ஊற்றுகிறவர், ஆள் பாகுபாடே கிடையாது. நான் எல்லோருக்கும் கேட்கும்படி, "என்ன பாப்பா, ஸ்கூல் ப்ரேயரா? ஜனகணமன யாரு பாடுறது?" என்றேன். நீ திரும்பிப் பார்த்து, "நாற்காலிய வட்டத்துக்குள்ள போட்டுக்கோங்கப்பா. வெளிய உக்காந்தா விசிட்டர், ஹெல்மெட் போடணும்" என்றாய். எல்லோரும் சிரித்தார்கள். நான் முனகிக்கொண்டே நாற்காலியை இழுத்துப் போட்டேன்.

நீ அறிவுரை சொல்லப் போகிறாய் என்றுதான் நினைத்தேன். ஹெல்மெட் போடு, பெல்ட் கட்டு, செருப்போடு ஏறாதே என்று நாங்கள் எல்லோரும் சொல்லிச் சொல்லி ஓய்ந்த பாட்டு. நீ அதையெல்லாம் சொல்லவே இல்லை. ஒரே ஒரு கேள்வி கேட்டாய். "கல் கஹாங் டர் லகா?" நேற்று எந்த இடத்தில் பயம் வந்தது? சாரத்தில் பூனை மாதிரி நடக்கிற ஆண்களிடம் போய் எங்கே பயந்தாய் என்று கேட்டால் யார் சொல்வார்கள்? பல்லைக் காட்டிக்கொண்டு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். அப்போது நீயே சொன்னாய், நேற்று இரண்டாம் மாடி ஓரத்தில் அளவு எடுக்கும்போது காற்று வந்து தள்ளியது, கால் நடுங்கியது, கொஞ்ச நேரம் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன் என்று. எனக்குச் சுருக்கென்றது. இன்ஜினியர் போய் இப்படிச் சொல்லலாமா, இனி உன்னை மதிப்பார்களா என்று உள்ளுக்குள் கொதித்தேன். முப்பது வருஷம் இந்தத் தொழிலில் பயந்ததை ஒருநாளும் வெளியே காட்டாதவன் நான். என் மகள் ஏழு மணிக்கு முன்னாலேயே காட்டிவிட்டாள்.

மறுநாள் மாலதி வாய் திறந்தாள். கலவைச் சட்டியைத் தலையில் வைத்து ஏறுகிற வங்காளிப் பெண், வேலைக்கு வந்து இரண்டு வருஷத்தில் அவள் குரலை நான் கேட்டதே இல்லை. "தீதி, வோ பட்றா ஹில்தா ஹை" என்றாள். அவர்களுக்கு நீ தீதி, அக்கா. படிக்கட்டுப் பக்கம் போட்டிருந்த ஏறுபலகை ஆடுகிறதாம். எத்தனை நாளாக என்று நீ கேட்டதற்கு, போட்ட நாளிலிருந்து என்றாள். நீ கூட்டத்தை அங்கேயே நிறுத்தி, எல்லோரையும் நிற்க வைத்துக்கொண்டு, அந்தப் பலகையை மாற்றிய பிறகுதான் வேலையைத் தொடங்கச் சொன்னாய். அரை மணி நேரம் போயிற்று. நான் வாட்சைப் பார்த்துப் பார்த்து உனக்குக் காட்டினேன். நீ கண்டுகொள்ளவில்லை. கழற்றிய பலகையைத் திருப்பிப் பார்த்தால் அடியில் பாதிக்கு மேல் கரையான் தின்றிருந்தது. மாலதி அதைக் காலால் ஒரு மிதி மிதித்தாள், இரண்டாக முறிந்தது. அதன்மேல்தான் அவள் ஒரு நாளைக்கு நாற்பது தரம் ஏறிக்கொண்டிருந்தாள். அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்து நான் சரியாகச் சாப்பிடவில்லை, ஞாபகம் இருக்கிறதா? சுகர் கூடிவிட்டது என்று பொய் சொன்னேன்.

அதற்குப் பிறகு உன் வட்டம் தானாகவே நடந்தது. மழைக்காலத்தில் தார்ப்பாய்க்கு அடியில் நெருக்கிக்கொண்டு நின்றார்கள். நீ ஒருநாள் காய்ச்சலில் படுத்தபோது அவர்களே நடத்தினார்கள், போனில் உனக்கு ஒப்பித்தார்கள். ஒருவர் சொன்னதற்கு இன்னொருவர் சிரித்தால் மூன்றாமவர் அதட்டினார். பேசுகிறவரை ஒருபோதும் நீ குறுக்கே வெட்டியதில்லை. சொன்ன குறையை அன்றைக்கே சரி செய்தாய், முடியாவிட்டால் எப்போது முடியும் என்று சொன்னாய், சொன்ன நாளில் செய்தாய். இதில் என்ன பெரிய வித்தை என்று கேட்கலாம். முப்பது வருஷம் நான் செய்யாத வித்தை. எனக்குப் பெருமையாக இருந்தது செல்வி. அதைவிடப் பொறாமையாகவும் இருந்தது. என் சைட்டில் ஆட்கள் என்னிடம் எதுவும் சொல்ல மாட்டார்கள். அதை மரியாதை என்று நினைத்திருந்தேன்.

பிறகு அந்த நாள் வந்தது. மேலே ஜன்னல் சட்டங்களைக் கயிற்றில் ஏற்ற வேண்டும். கப்பி மாட்டியாகிவிட்டது. கயிறு பிடிக்க ஆள் குறைந்ததால் நீ சோம்ராவைப் பிடிக்கச் சொன்னாய். ராஞ்சிக்காரர்களின் கை கயிற்றுக்கென்றே செய்தது என்பார்கள், சோம்ராவின் கை அதிலும் ஒரு படி மேல். ஆனால் அவன் வட்டத்தை விட்டு இரண்டடி பின்னால் போனான். "மேரா ஹாத் பரோசே கா நஹீ ஹை, தீதி" என்றான். என் கை நம்பக்கூடிய கை இல்லை. பிறகு அந்தக் கதையைச் சொன்னான். பதினாறு வருஷத்துக்கு முன்னால் ஹேவ்லாக் தீவில் ரிசார்ட் கட்டும்போது நிலைச்சட்டம் ஏற்றிக்கொண்டிருந்ததும், மேலே ஏறி முடியும் முன்பே அவன் கயிற்றை விட்டதும், அது கீழே இருந்த கொத்தனார் முருகேசன் காலில் விழுந்ததும் எல்லாம். அதற்குப் பிறகு இன்றுவரை கயிற்றைத் தொட்டதில்லை என்றான். தன் பேத்தியைக்கூடக் கப்பல் வந்து நிற்கும் ஜெட்டிப் பக்கம் தூக்கிக்கொண்டு போவதில்லையாம், கை தானாக விட்டுவிடுமோ என்று.

நீ அவனைச் சமாதானப்படுத்தவில்லை, திட்டவும் இல்லை. "அந்த நேரத்தில் யார் என்ன சொன்னார்கள்?" என்று மட்டும் கேட்டாய். ‘சோட் தோ’, விடு என்று யாரோ சொன்ன மாதிரி கேட்டது, ஆனால் அப்படி யாரும் சொல்லவில்லை, என் காதுதான் கோளாறு என்றான். நீ என்னைப் பார்த்தாய். அந்த சைட்டில் நானும் இருந்தேன் என்று உனக்குத் தெரியும். நான் போனை எடுத்துத் தடவிக்கொண்டிருந்தேன்.

நீ அதைப் பிடித்துக்கொண்டாய். காது கோளாறோ என்னவோ, அந்தச் சொல்லே கோளாறான சொல் என்றாய். கயிற்றை விடு என்பதற்கும் ‘சோட் தோ’, பேச்சை விடு என்பதற்கும் ‘சோட் தோ’. நாள் முழுக்க நாலு பேர் நாலு காரணத்துக்குக் கத்துகிற சொல்லைக் கயிற்றுக்கு வைக்கலாமா என்று கேட்டாய். கயிற்றை விடுவதற்கு மட்டும், சைட்டில் வேறு எதற்கும் யாரும் சொல்லாத ஒரு சொல் வேண்டும் என்றாய். அன்றைக்குப் பத்து நிமிடக் கூட்டம் அரை மணி நேரம் ஓடியது. கடைசியில் மாலதிதான் தமிழில் ஒரு சொல் வேண்டும் என்று கேட்டாள், நம் மேஸ்திரி ‘கத்திரிக்காய்’ என்றார். ஒரே சிரிப்பு. அதுவே நிலைத்துவிட்டது. மாலதி அதை ‘கொத்ரிகா’ என்பாள், மேலே நிற்கும் தெலுங்குக்காரர் இழுத்து இழுத்துச் சொல்வார். கயிறு பிடித்தவர் அதைத் திருப்பிச் சொல்லி, நிமிர்ந்து பார்த்த பிறகுதான் விட வேண்டும். சமையலுக்கு வருகிறவரிடம் சைட்டில் அந்தக் காயின் பேரையே எடுக்கக் கூடாது என்று நீ கட்டளை போட்டாய். அத்தனை பேரும் சிரித்தபோது நான் மட்டும் சிரிக்கவில்லை. நீ கவனித்தாயோ என்னவோ.

‘சோட் தோ’ என்று சொன்னது நான்தான் செல்வி.

அன்றைக்கு ஹேவ்லாக்கில் நடந்ததைச் சொல்கிறேன். நிலைச்சட்டம் படாக் மரம், நல்ல கனம். சோம்ரா பாதி எழும்பிய சுவருக்குப் பின்னால் நின்று கயிறு பிடித்திருந்தான், மேலே நடப்பது அவனுக்குத் தெரியாது. மேலே இருந்த இருவர் சட்டத்தை உள்ளே இழுத்து வைத்ததும் ‘சோட் தோ’ என்று குரல் கொடுப்பார்கள், அவன் விடுவான். அதுதான் எப்போதும் உள்ள வழக்கம். சுவருக்கு இந்தப் பக்கம் நான் மணல் லாரி டிரைவரோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தேன். அவர் வாசலிலேயே கொட்டுவேன் என்கிறார், நான் பின்னால் கொட்டு என்கிறேன். வெயில். பேசிப் பேசி அலுத்துப்போய், வழக்கமான என் ‘விடுப்பா’வைத்தான் ஹிந்தியில் சொன்னேன். "அரே, சோட் தோ!" என்று கத்தினேன். என் குரல் எப்படி என்று உனக்குத் தெரியும். அடுத்த நொடி சட்டம் விழுந்த சத்தமும் முருகேசன் அலறியதும் கேட்டன.

அந்த நொடியிலேயே எனக்குப் புரிந்துவிட்டது. பிறகுதான் தெரிந்தது, தெரியாமல் செய்துவிட்டேன் என்றெல்லாம் சொல்லித் தப்பிக்க மாட்டேன். சோம்ரா ஓடி வந்து "கிஸ்னே போலா? கிஸ்னே போலா?" என்று கேட்டான். யார் சொன்னது? மேலே இருந்தவர்கள் நாங்கள் சொல்லவில்லை என்றார்கள். அவன் என்னைப் பார்த்தான். லாரி டிரைவர் அதற்குள் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். "யாரும் ஒன்றும் சொல்லவில்லை, நீதான் விட்டாய்" என்றேன். பச்சைப் பொய். அது வாயை விட்டு வருவதற்கு ஒரு மூச்சு நேரம்கூட ஆகவில்லை. ரிசார்ட்டின் இன்ஜினியர் கேட்டபோதும் அதையே சொன்னேன். சோம்ரா பக்கத்தில் நின்று தலையாட்டினான்.

முருகேசனை ஒரு கதவுப் பலகையில் கிடத்தி ஜெட்டிக்குக் கொண்டுபோனோம். போட் வர மூன்று மணி நேரம் ஆனது. அந்த மூன்று மணி நேரமும் சோம்ரா அவனுக்குக் குடை பிடித்துக்கொண்டு, மாப் கரோ பாய், மாப் கரோ பாய், மன்னித்துவிடு என்று சொல்லிக்கொண்டே இருந்தான். நான் நாலடி தள்ளி நின்று கடலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முருகேசனுக்குக் காலில் இரண்டு விரல்கள் போயின. நீ அப்போது ஆறாம் வகுப்பு. ஆஸ்பத்திரிக்கு உன்னையும் கூட்டிப்போனேன். "எப்படிப்பா ஆச்சு?" என்று கேட்டாய். "கயிறு பிடிச்சவன் விட்டுட்டான்" என்று உன்னிடமும் சொன்னேன். நல்லவன் மாதிரி சோம்ராவை வேலையை விட்டு நிறுத்தாமல் வைத்துக்கொண்டேன். அதற்கு அவன் என்னைக் கும்பிட்டான். அதையும் வாங்கிக்கொண்டேன். இதை எழுதும்போது என்மேல் எனக்கே அருவருப்பாக இருக்கிறது.

உன் கூட்டத்தில் அவன் அந்தக் கதையைச் சொன்ன அன்றே நான் சொல்லியிருக்க வேண்டும். வாய் வரவில்லை. நீ இருந்தாய். உன் முன்னால் சிறுத்துப்போக மனம் வரவில்லை. நீ கப்பல் ஏறும்வரை காத்திருந்தேன் என்பதுதான் உண்மை.

நீ கிளம்பிய மறுநாள் சூப்பர்வைசர்தான் கூட்டத்தை நடத்தினார். அதே கேள்வி. வட்டத்தில் ஒவ்வொருவராகச் சொல்லிக்கொண்டு வந்தார்கள். என் முறை வரும்போது வழக்கமாக எல்லோரும் என்னைத் தாண்டிப் போய்விடுவார்கள். நான் எழுந்து நின்றேன். "ஹேவ்லாக் மே ‘சோட் தோ’ மைனே போலா தா" என்றேன். சொன்னது நான்தான் என்று. லாரி டிரைவரிடம் சொன்னதையும், சோம்ராவின் காதில் கோளாறு இல்லை என்பதையும், கேட்டபோது நான் பொய் சொன்னதையும் சொன்னேன். சோம்ரா என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தான். பிறகு, "ஃபிர் ஸே போலோ, சாப்" என்றான். திரும்பச் சொல்லுங்கள். சொன்னேன். "ஸோர் ஸே" என்றான். சத்தமாக. பக்கத்துக் கட்டிடத்தில் பைப் போட்டுக்கொண்டிருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். அவர்களுக்கும் கேட்கும்படி மூன்றாம் தரம் கத்தினேன். சோம்ரா ஹெல்மெட்டைக் கழற்றி மணலில் வைத்துவிட்டு, யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் கேட்டைத் திறந்துகொண்டு போனான். போகட்டும், இனி வர மாட்டான், வராமல் இருப்பதுதான் நியாயம் என்று நினைத்துக்கொண்டேன். அன்றைக்கே பரமக்குடியில் இருக்கும் முருகேசனுக்கும் போன் செய்தேன். அவன் திட்டியதை இங்கே எழுத முடியாது. கடைசியில், "அந்தப் பாவி மனுசன் சோம்ராவ நான் என்னென்ன பேசியிருக்கேன் தெரியுமா" என்று சொல்லி அழுதான்.

சோம்ரா இரண்டு நாள் வரவில்லை. மூன்றாம் நாள் ஏழு மணிக்கு முன்னாலேயே வந்து அவன் வழக்கமாக நிற்கும் இடத்தில் நின்றான். கூட்டம் முடிந்ததும் என்னிடம் வந்தான். மன்னித்தேன் என்று சொல்வானோ, அடிப்பானோ என்று தெரியாமல் நின்றேன். அவன் கேட்டது வேறு. "தீதி கோ போலா?" தீதியிடம் சொல்லிவிட்டீர்களா? இன்னும் இல்லை என்றேன். "போலோ" என்றான். சொல்லிவிடுங்கள். கூட்டத்தில் தீதி கேட்டபோது என் காது கோளாறு என்று சொல்லிவிட்டேன், அது தப்பான தகவல், திருத்தியாக வேண்டும் என்றான். அவனுக்கு என்மேல் இருந்த கோபம் ஒரு பக்கம் இருக்கட்டும் செல்வி. உன் கூட்டத்தில் தான் தவறாக ஒன்று சொல்லிவிட்டோமே என்பது அவனுக்கு அதைவிடப் பெரிதாக இருந்தது. அதைக் கேட்டபோதுதான் நீ அந்த மணல் குவியலுக்குப் பக்கத்தில் என்ன கட்டியிருக்கிறாய் என்று எனக்கு முழுசாகத் தெரிந்தது. நான் ஆயுள் முழுக்கக் கட்டிடம் கட்டினேன், இப்படி ஒன்றைக் கட்டத் தெரியவில்லை.

கேம்பல் பேயில் உன்னிடம் வரும் ஆட்கள் புதியவர்கள். முதல் நாள் யாரும் வாய் திறக்க மாட்டார்கள். நீ வழக்கம்போல உன் கதையைச் சொல்லித் தொடங்குவாய். இந்தத் தடவை ஹேவ்லாக் கதையைச் சொல்லு. சோம்ராவிடம் கேட்டுவிட்டேன், அவன் பெயரைச் சொல்லலாம் என்றான். என்னைப் பற்றிச் சொல்ல வேண்டிய இடத்தில் மட்டும் நீ தயங்குவாய், எனக்கு உன்னைத் தெரியும். ‘ஒரு காண்ட்ராக்டர்’ என்று சொல்லிக் கடந்துபோகப் பார்ப்பாய். அப்படிச் சொல்லாதே பாப்பா. ‘என் அப்பா’ என்று சொல்லு.